1913இன் ஒன்பது ஆட்டங்கள்

ஆண்டுவிழாக் கால்பந்து ஆட்டத்தில் கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு பகல் வகுப்பு மாணவர்கள் மட்டுமே ஆடலாம் என்று திங்கள்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன். எதையும் மூன்று முறை பார்ப்பது என் வழக்கம். பகலில் ரங்கூனின் லைங் தாயா பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில், தைத்து வந்த சட்டைகளைப் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். மாலையில்தான் கல்லூரி.

எங்கள் மாலை வகுப்பு அணி இந்த மழைக்காலத்தில் ஏழு ஆட்டங்கள் ஆடி ஐந்தில் ஜெயித்திருந்தது. கேப்டன் கோ உதயா போட்டாதாங் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். அவர் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு விளையாட்டுப் பொறுப்பாளர் டோ கின் ஏயின் அறைக்குப் போனார்.

"கல்லூரி அணி என்றால் என்றைக்குமே பகல் மாணவர்கள்தான்" என்றார் டோ கின் ஏ, பர்மியில். சுவரில் மாட்டியிருந்த 1913ஆம் ஆண்டு அணியின் படத்தைக் காட்டினார். பதினொரு பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். "கோப்பை வாங்கியவர்கள் இவர்கள். இதில் ஒருவராவது மாலை வகுப்பா?"

"இருந்தா, சயாமா?" என்றார் கோ உதயா. ஆசிரியைகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

"காட்டு. வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் அந்தத் தாளை நானே கிழிக்கிறேன்."

வெளியே வந்ததும், "உனக்கு நாலு நாள் இருக்கு ஃபஹீமா" என்றார் கோ உதயா.

"எனக்கா?"

"பின்ன எனக்கா? நான் கால நம்பிப் பொழைக்கிறவன். ஒரு பொத்தான ஒன்பது தடவ பாக்குற ஆளு நீதான்."

மறுநாள் வகுப்புக்கு முன்பே நூலகம் போனேன். அந்த ஆண்டின் ஆட்டப் புத்தகம் கிடைத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்பது ஆட்டங்கள். ஏழில் வெற்றி, ஒன்று சமன், ஒன்று தோல்வி. ரயில்வே அணியோடு ஆடிய நாளில் பந்து சேற்றில் புதைந்து, நடுவரே கையால் தோண்டி எடுத்திருக்கிறார். எனக்கு விசித்திரமாகப் பட்டது ஒன்றுதான்: வாங்கிய கோல்கள் எல்லாம் முதல் பாதியில், போட்ட கோல்கள் எல்லாம் இரண்டாம் பாதியில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓரத்தில் 'நால்வர் தாமதம்' என்று எழுதியிருந்தது. பெரிய அணிக்கு இவ்வளவு ஒழுங்கீனமா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் புத்தகத்தில் இருந்த பதினொரு பெயர்களையும் கல்லூரி வருகைப் பதிவேட்டில் தேடினேன். ஏழு பெயர்கள் இருந்தன. கோல்கீப்பர் தங்கவேலு, அகஸ்டின், அமீர் அலி, மவுங் போ தின் ஆகிய நான்கு பேர் இல்லை. தையல் விட்டுப்போன இடத்தில் நாங்கள் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டுவோம். என் பையில் எப்போதும் அந்த அம்புகள் இருக்கும். நகலெடுத்த தாளில் நான்கு பெயர்களின் மேலும் ஒட்டினேன். கல்லூரியின் புகழ்பெற்ற அணி வெளியாட்களை வைத்து ஆடிக் கோப்பை வாங்கியிருக்கிறது.

புதன்கிழமை டீக்கடையில் கோ உதயாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அப்ப கள்ள டீமா? சயாமா மூஞ்சியப் பாக்கணுமே."

"இதக் காட்டினா நமக்குச் சட்டையும் கிடைக்காது, அவங்க கோப்பையும் போயிடும்."

"காட்டாம வுட்ரு."

"குறைன்னு பாத்துட்டு மறைக்க என்னால முடியாது."

"சரி, காட்டு. ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. கோல்கீப்பர எவனாவது வெளியிலேருந்து புடிப்பானா? கூடவே ஆடிப் பழகலேன்னா, முன்னால நிக்கிற பேக்குக்கும் அவனுக்கும் தெனம் சண்டதான். தங்கவேலு நம்ம காலேஜ் ஆளுதான், எழுதி வச்சுக்க."

"பதிவேட்டுல இல்லையே."

"எந்தப் பதிவேட்டுல?"

கைப்பேசியில் எடுத்திருந்த பதிவேட்டின் படத்தைப் பெரிதாக்கினேன். அட்டையில் 'பகல்' என்று இருந்தது. மாலை வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிற நான், கல்லூரி என்றதும் பகல் பதிவேட்டை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாங்கள் கணக்கில் இல்லை என்று டோ கின் ஏக்கு முன்பே நானே முடிவு கட்டியிருந்தேன்.

மாலைப் பதிவேடு வேறு அலமாரியில் இருந்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. நான்கு பெயர்களும் இருந்தன, பக்கத்தில் 'துறைமுகம்' என்ற வேலைக் குறிப்போடு. ஆனால் தங்கவேலு என்று ரங்கூனில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பெயர் மட்டும் போதாது என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒன்பது மாலைகளில் மட்டும் குறுக்கே கோடு போட்டு, 'வகுப்பு இல்லை, கால்பந்து' என்று ஆசிரியர் கையெழுத்திட்டிருந்தார். தேதிகளை ஆட்டப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்பதுக்கு ஒன்பது. இரண்டாம் முறையும் ஒன்பது. மூன்றாம் முறை பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டப் புத்தகம், மாலைப் பதிவேடு இரண்டின் நகல்களையும் டோ கின் ஏயின் மேசையில் வைத்தேன். நானே விளக்கினேன்.

"இந்த நான்கு பேருக்கும் துறைமுகத்தில் வேலை முடிய ஐந்து மணி ஆகியிருக்க வேண்டும், சயாமா. அதுவரை ஏழு பேர்தான் ஆடியிருக்கிறார்கள். இவர்கள் வந்த பிறகு கல்லூரி ஒரு கோல்கூட வாங்கவில்லை."

டோ கின் ஏ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேதிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அவரும் இரண்டு முறை பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தின் முன் நின்றார்.

"இதில் தங்கவேலு யார்?"

"தெரியவில்லை, சயாமா. படத்தில் பெயர் இல்லை."

"உயரமா நிக்கிறாரே, அவரா இருக்கும்" என்றார் கோ உதயா.

டோ கின் ஏ வெளியே போய்ப் பலகையில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு வந்தார். "பகலும் மாலையும் சேர்ந்து ஒரே அணி. நீங்கள் எப்போது பயிற்சி செய்வீர்கள்?"

"விடியக்காலம் அஞ்சரைக்கு, சயாமா. ரோட்டுல. மைதானத்து கேட் பூட்டியிருக்கும்."

அவர் காவலாளியைக் கூப்பிட்டு, நாளை முதல் ஐந்தேகாலுக்கே திறக்கச் சொன்னார். யாருக்கு என்று காவலாளி கேட்டார்.

"கல்லூரி அணிக்கு."

கோ உதயா அத்தோடு கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். வாசல்வரை போனவர் திரும்பினார். "சயாமா, பந்து ஒண்ணு வேணும். எங்க பந்துல காத்து நிக்கல."