பேர் வெட்டிய சிரிப்பு

ராசம்மாவின் சிரிப்புக்கு முப்பத்தையாயிரம் ரூபாய் விலை வைத்தான் ஜெயகாந்தன். ராசம்மா செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது; சிரிப்புக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அவள் புருஷன் சோலைமலை குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் அடுப்படியில், தினமும் சாயங்காலம் அது ஒரு தடவை சிரிக்கும். பக்கத்து வீட்டார் அதைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள்.

தொண்ணூறுகளில் ஞாயிறுதோறும் டிவியில் வந்த ‘எட்டாம் நம்பர் லயம்’ என்ற குடும்பச் சிரிப்பு நாடகத்தில் இவர்கள் புருஷன் பெண்டாட்டியாகவே நடித்தார்கள். அதில் சோலைமலை ஒரு கங்காணி. காலையில் வேலையாட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் பெரட்டு போதாதென்று வீட்டிலும் பெரட்டு வைப்பார். கணக்குக் கொப்பியை விரித்து “ராசம்மா” என்பார், “வந்திருக்கேங்க” என்பாள். ரசத்தில் உப்புக் குறைந்தால், கொழுந்து எடை குறைந்தவளுக்கு அரை நாள் கூலி போடுவதுபோல “இன்னிக்கு அரைப் பேர்தான்” என்று எழுதுவார். அவள் சிரிப்பாள். ஏழு வருஷமும் நாடகம் இந்த ஒரே சிரிப்பில்தான் முடிந்தது, யாரும் சலித்துக்கொள்ளவில்லை. நாடகம் நின்ற பிறகும் சொந்த அடுப்படியில் பெரட்டு நிற்கவில்லை. அவள் செத்த எட்டாம் நாள் அவர் வாய் தவறிப் பேரைக் கூப்பிட்டபோதும் சிரிப்பு வந்தது. அவர் அதை யாரிடமும் விசாரிக்கவில்லை, தினமும் சாயங்காலம் கூப்பிட்டுக்கொண்டார்.

ஜெயகாந்தன் ஹட்டனில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. துணி அளந்த கை இப்போது கேமரா பிடித்தது. பழைய நாடகத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக யூடியூபில் மறுபடி எடுக்கிறான். இதில் கங்காணி வீட்டுக்கு மருமகள் வருகிறாள்; அந்த வேஷத்துக்குக் கொட்டகலை சுலக்ஷனா. நடிப்பில் பழுதில்லை, சிரிப்புதான் இரவல் வாங்கியது மாதிரி இருந்தது; அதற்குத்தான் இந்த விலை.

“நாப்பதாப் போட்டுத் தர்றேங்க ஐயா. கொள்முதல்ல எங்கப்பா இவ்வளவு ஏறுனதே இல்ல.”

“காச நீயே வச்சுக்க தம்பி. நான் போய்ட்டா அது யாரு அடுப்படியில போய்ச் சிரிக்கும்? அதுக்கு ஒரு எடம் பாரு, போதும்.”

மூன்று சாயங்காலம் மைக் வைத்தார்கள். லயம் முழுக்கக் கேட்ட சிரிப்பு, போட்டுப் பார்த்தால் இல்லை. கேத்தல் கொதிக்கிற சத்தம் மட்டும் அருமையாகப் பதிவாகியிருந்தது. அவர் கூப்பிடும் இடத்துக்குத்தான் வரும்போல என்று சோலைமலையையே மாமனாராக நடிக்கக் கூட்டிப்போனார்கள்.

காட்சி இதுதான்: மகன் கட்டிவந்த பெண்ணை மாமனார் வீட்டுப் பெரட்டில் சேர்க்கிறார். சோலைமலை நடிக்க வருமுன் பதினோரு வருஷம் நிஜக் கங்காணி. பெரட்டில் ஒருவர் இடத்துக்கு வேறொருவர் வந்தால், பழைய பேரை வாய்விட்டுச் சொல்லி வெட்டிவிட்டுத்தான் புதுப் பேரைக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் ஒரே வேலைக்கு இரண்டு பேர் பதிந்து இரண்டு கூலி விழும். வசனத்தில் இல்லாத அந்தக் காரியத்தை அவர் கை தானாகச் செய்தது. “ராசம்மா, பேர் வெட்டியாச்சு” என்று கோடு கிழித்தார். “சுலக்ஷனா” என்றார். “வந்திருக்கேன் மாமா” என்று அந்தப் பெண் சிரித்தாள். சிரித்தது ராசம்மா. படப்பிடிப்பு ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சோலைமலை தான் கிழித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேர வெட்டிட்டேனே தம்பி.”

“அது பரவால்லங்க ஐயா, எடிட்டிங்ல தூக்கிரலாம்.”

தூக்கினான். அடுப்படி அதோடு ஓய்ந்தது. நாடகத்தை ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். சுலக்ஷனாவுக்கு அதன் பிறகு வேறு சிரிப்பே வரவில்லை, பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அதுதான்; அவள் அம்மா இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டாள். ஒரு ஞாயிறு சுலக்ஷனா மனசு கேட்காமல் லிந்துலைக்கு வந்து, அந்த அடுப்படியில் உட்கார்ந்து அவருக்காகச் சிரித்தும் காட்டினாள். சிரிப்பு அதேதான். ஆனால் விருந்தாளியாக வந்திருந்தது. டீ குடித்துவிட்டு நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டது.

சோலைமலை வெட்டிய கோட்டுக்குக் கீழே அதே பேரை மறுபடி எழுதி, முதலில் தன் பேரை, பிறகு அவள் பேரைத் தினமும் கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டார் இப்போது மணி பார்த்து உலை வைக்கிறார்கள். நேற்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளுக்கும் கொப்பியில் ஒரே வரி: பேர் இரண்டு, வந்தது ஒன்று.