கூம் வைத்த புள்ளி

விதோயே எனக்குக் கூம். என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், என் மகளுக்குப் பெயர் வைத்தவர். அவருடைய அப்பா என் அப்பாவுக்கு இதையே செய்தார். ரத்தத்தில் சேராத சொந்தம்தான். ஆனால் கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொள்ளலாம், கூமோடு போட முடியாது. வானத்தில் கடவுள், பூமியில் கூம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கடவுள் கொடுப்பதை முணுமுணுத்துக்கொண்டாவது வாங்கலாம். கூம் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்க வேண்டும். அவர் என்னைக் 'கூமே' என்று கூப்பிடுவார், நானும் அவரைக் 'கூமே' என்றுதான் கூப்பிடுவேன். அவர் இருபது வயது மூத்தவர் என்பது 'நீ', 'நீங்க' என்பதில் மட்டும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவருடைய பட்டறையில், கிதாரை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ப்ளாகோயே என் வாசிப்பைக் கேட்கப்போகிறார். அவருடைய வாத்தியக் குழு கோடை முழுவதும் புத்வாவில், கடற்கரை ஹோட்டலில் வாசிக்கும். குழுவின் கிதார்க்காரன் ஜெர்மனிக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. நான் மைத்துனனின் கடையில் டயருக்குப் பங்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். இந்த இடம் கிடைக்காவிட்டால், கடல் தண்ணீருக்குப் பதிலாக டயர் தொட்டித் தண்ணீரில் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இந்தக் கோடையும் போய்விடும், அதற்கடுத்த கோடையும். ப்ளாகோயே தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். விரல் எவ்வளவு ஓடினாலும் அவருக்குக் கவலையில்லை, சத்தம் காதை அறுக்கக் கூடாது, சாப்பிடுகிறவர்கள் முன்னால் வாசிக்கிற வாசிப்பு.

என் ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள், பழைய ரேடியோவுக்குள் மினுங்குமே அந்தக் கண்ணாடிக் குழல்கள், பழையவை. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது ஒலி, நடுநடுவே பொரிந்தது. எங்கள் நீஷ் நகரத்தில் ஒருகாலத்தில் வால்வுத் தொழிற்சாலை இருந்தது, அதனால் புது வால்வு தேடி நீஷ்காரன் எங்கும் அலைய வேண்டியதில்லை. இங்கே எந்த வீட்டு நிலவறையைத் திறந்தாலும் மிளகாய்த் துவையல் ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வால்வு இருக்கும். கஷ்டம் தேர்ந்தெடுப்பதில்தான். ஒரே எண் அச்சிட்ட, ஒரே மாதிரிக் கண்ணாடி போட்ட பத்து வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் கேட்டால் பத்தும் பத்து விதமாகப் பேசும். ஒன்றில் நாதம் சூடான ரொட்டிபோல் உப்பி வரும், இன்னொன்றில் தகரத்தைக் கீறும். என் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரத்தைப் பெருக்கித் தள்ளும் பெரிய வால்வுகள் இரண்டு. அவை நன்றாகவே இருந்தன. ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கும் சின்ன வால்வுகள் மூன்றைத்தான் மாற்ற வேண்டும்.

விதோயேயின் முறை எப்போதும் ஒன்றுதான். வால்வைச் செருகுவார், சூடேறும்வரை சிகரெட் பிடிப்பார், பென்சில் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டுவார், பிறகு என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் எல்லாக் கம்பியையும் சேர்த்து அதே சுரக்கட்டை அடிப்பேன், அதே நாலு சுரத்தை வாசிப்பேன். பிடித்துப்போனால், வால்வின் கால்களுக்கு நடுவே ஓர் அகலமான இடைவெளி இருக்குமே, அதற்கு நேர் மேலே கண்ணாடியில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிதான் அவருடைய கையெழுத்து. பிடிக்காததைப் பிஸ்கட் டப்பாவில் போடுவார். டப்பாவின் மேல் 'செத்தது' என்று எழுதியிருந்தது.

முதல் வால்வு இதமாக இருந்தது. நான் இரண்டாவது முறை வாசிப்பதற்குள் அவர் அதைப் பிடுங்கிவிட்டார்.

"செத்தது. பாதிரி பூசை வைக்கிற மாதிரி முணங்குது."

அடுத்ததும் நன்றாக இருந்தது. அதுவும் டப்பாவுக்குப் போனது. மூன்றாவதைச் செருகிப் பென்சிலால் தட்டியதும் ஒலிபெருக்கியிலிருந்து ஊசி மாதிரி ஒரு கூவல் கிளம்பியது. கூவும் வால்வு எதற்கும் ஆகாது, அது பட்டறைக்குப் புதிதாக வருகிறவனுக்கும் தெரியும். என் பல் கூசியது. வாசற்படியில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போனது. விதோயே தலையைச் சாய்த்துப் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஆளு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. அடி, கூமே."

அடித்தேன். கண்ணாடி உடைவதுபோல் இருந்தது. அவர் புள்ளி வைத்தார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது சமையலறையில் கெட்டில் விசிலடித்தது. அவருடைய மனைவி ருமெனா கொல்லையில் இருந்ததால் அடுப்பை அணைக்க யாரும் இல்லை. விசில் நீண்டுகொண்டே போனது. விதோயே அடுத்த வால்வைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கொதிக்கிறது என்று நான் சொன்னதும் எட்டிப் பார்த்தார், ஆவியைக் கண்டு எரிச்சலோடு எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

"இப்ப வர்ற கெட்டில் ஒண்ணும் விசிலடிக்கிறதில்லை. இது ரெண்டாவது. கடைக்காரன் மூஞ்சியில எறிஞ்சிட்டு வரணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் கீழ்ச் சுரங்கள் கேட்கின்றன, பேச்சு கேட்கிறது. மேலே உள்ளது எதுவுமே கேட்கவில்லை. அதனால் உச்சத்தில் அலறுகிற வால்வுதான் அவர் காதுக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. ஒழுங்கானவை எல்லாம் செத்தவையாகத் தெரிகின்றன.

சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? கூமே, உங்க காது போச்சு என்றா? அது அவருடைய பிழைப்பு. அதைவிட, எங்கள் வீட்டில் யாரும் அவர் வீட்டாரிடம் 'தப்பு' என்ற சொல்லை இதுவரை எடுத்ததில்லை. மாதா கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி பிடித்த கை அது. மூன்றாவது புள்ளியும் விழுந்ததும், மூன்றையும் செருகி, ஒலியை ஏற்றி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"எப்படி?"

"அருமை, கூமே."

அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. அவர் ராகியா என்கிற பழச்சாராயத்தை ஊற்றினார். 'அருமை' என்று சொல்லிக் கிண்ணத்தை மோதிக் குடித்த பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. போதாததற்கு இன்னொன்றும் சொன்னார். நாளை அவரே தன் வண்டியில் என்னைக் கலாசார மன்றத்துக்கு அழைத்துப்போகிறாராம், முன்வரிசையில் உட்காரப்போகிறாராம். அதற்காக இப்போதே சவரக் கடைக்குக் கிளம்பினார். கூம் தாடியோடு வந்து உட்கார்ந்தால் எனக்குத்தான் மரியாதைக் குறைவு என்றார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் ருமெனா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் காப்பி இல்லை, ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதே சிவப்பு நகச்சாயம்.

"உக்காரு கூமே, நேரம் இருக்கு. சவரக்காரன் வாயை மூட மாட்டான்" என்றாள். பிஸ்கட் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள்.

நான் அவளுடைய நகங்களைப் பார்த்தேன். வெறும் நகங்கள்.

"பாக்காதே. இது எனக்கு வாங்கினது இல்லை. அவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, ரெண்டும் ஒரே கலர். இங்க ஆம்ப் கொண்டு வர்ற ஒவ்வொருத்தனும் உன்னை மாதிரியே மூஞ்சிய வச்சிக்கிட்டு என்கிட்ட வந்து நிப்பான்."

அவளும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வால்வைத் தொடமாட்டார், வேறெதையும் தொடமாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார் என்றாள். அவருடைய அண்ணன் அப்படித்தான் உட்கார்ந்தாராம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். அதனால் ஊரிலிருக்கும் வாத்தியக்காரர்கள் எல்லாரும், ஒருவனுக்கு இன்னொருவன் செய்வது தெரியாமல், செத்த டப்பாவிலிருந்து எடுத்துப் புள்ளி வைத்துக்கொண்டு போகிறார்கள். வெளியே விதோயேக்குப் பெயர் ஏறிக்கொண்டே போகிறது. பெயர் ஏற ஏற ஆம்ப்ளிஃபையர்கள் வருகின்றன, அவளால் ஒருநாள்கூடத் தங்கை வீட்டுக்குப் போய்வர முடிவதில்லை.

ஒவ்வொன்றாகச் செருகி வாசித்தேன். முதலில் அவர் பிடுங்கிப்போட்ட அந்த இதமான வால்வைக் கண்டுபிடித்தேன், பிறகு அதற்குப் பொருந்தும் இரண்டை. போர்வை விலகியது, ஆனால் அலறல் இல்லை. அடித்த சுரம் கொஞ்ச நேரம் நின்று, மெல்லத் தணிந்தது. ருமெனா அடுப்பிலிருந்து திரும்பாமலே "அதான்" என்றாள். இரண்டு வால்வுகளுக்கு அவள் புள்ளி வைத்தாள். மூன்றாவதற்கு வைக்கும்போது தெருவில் யாரோ அவருக்கு வணக்கம் சொல்லும் சத்தம் கேட்டது. அவள் காப்பிப் பாத்திரத்துக்கு ஓடினாள், நான் அவசரமாக ஒரு புள்ளியை இழுத்து, ஊதிக் காயவைத்துச் செருகினேன். அவர் தேர்ந்தெடுத்த மூன்றும் என் கோட்டுப் பையில் போயின. உள்ளே வந்த விதோயேயின் கன்னம் பளபளத்தது. ஆம்ப்ளிஃபையரைத் தட்டிக்கொடுத்து, இனி இதை யாரும் தொடக் கூடாது என்றார்.

மறுநாள் மன்றத்தில் ப்ளாகோயே தனியாக உட்கார்ந்து புரெக் அப்பம் தின்றுகொண்டிருந்தார். விரலில் எண்ணெய் என்பதால் கை கொடுக்காமல் முழங்கையை நீட்டினார். நான் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, வண்டியில் வரும்போது வால்வுகள் ஆடியிருக்கும், ஒருதடவை பார்த்துவிடுகிறேன் என்று விதோயே ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் குனிந்தார். கையில் டார்ச். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடைவெளிக்கு நேர் மேலே வைத்தால் மூன்று புள்ளிகளும் பின்பக்கமாக, பார்ப்பவனை நோக்கி நிற்கும். மூன்றாவதை நான் எங்கே வைத்தேன்?

டார்ச் வெளிச்சம் முதல் வால்வில் நின்றது, இரண்டாவதில் நின்றது, மூன்றாவதில் நெடுநேரம் நின்றது. அவர் இரண்டு விரல்களால் அதைத் தொட்டார். நிமிர்ந்தார், முழங்கால் தூசியைத் தட்டினார், என் முகத்தைப் பார்க்காமல் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

நிறுத்திவிட்டு அவரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் ப்ளாகோயே காகிதத்தில் விரலைத் துடைத்துவிட்டு "ம்" என்றார். வாசித்தேன். கையை ஆட்டும்போதெல்லாம் கோட்டுப் பையில் மூன்று கண்ணாடிகள் கிணுகிணுத்தன. கோட்டைக் கழற்றவும் பயம். முதல் பாட்டு எப்படிப் போனதென்று தெரியாது. இரண்டாவதில் விரல்கள் என்னை விட்டுவிட்டுத் தாமாகவே போயின. கடைசிச் சுரம் கூடத்தில் நின்று, தணிந்து, அடங்கியது. ப்ளாகோயே தின்பதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

"வாசிப்பு பரவாயில்லை. சத்தம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. யாரு வால்வு பாத்தது?"

ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என் கூம்."

ப்ளாகோயே திரும்பினார். விதோயே சவரம் செய்த தாடையைத் தடவிக்கொண்டார்.

"ஆமா, நான்தான்" என்றார். "புள்ளியைப் பாருங்க."

பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. எனக்கு இடம் கிடைத்தது. குழுவின் மற்ற ஆம்ப்ளிஃபையர்களுக்கும் விதோயேதான் வால்வு பார்க்க வேண்டும் என்றார் ப்ளாகோயே. உப்புக்காற்றில் வாரத்துக்கு ஒன்று கெட்டுப்போகிறதாம், அங்கே கிடைக்கிறவனெல்லாம் கசாப்புக்காரனாம். அதனால் கோடை முழுவதும் அவரும் எங்களோடு புத்வாவுக்கு வர வேண்டும், எனக்குப் பக்கத்திலேயே ஓர் அறை போட்டுத் தருகிறேன் என்றார். விதோயே யோசிக்கவே இல்லை. சரி என்றார்.

வண்டியில் திரும்பும்போது பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"எடு."

"என்ன, கூமே?"

"பையில இருக்கிறதை. எனக்கு அது கிணுகிணுக்கிறது கேக்கலை. நீ கோழிமுட்டை திருடினவன் மாதிரி பையைப் பிடிச்சிக்கிட்டு நடக்கிறது தெரியுது."

கொடுத்தேன். மூன்றையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் சுண்டினார், மறுபடியும் சுண்டினார்.

"கெட்டிலும் விசிலடிக்குதா?"

"அடிக்குது, கூமே."

"ரெண்டுமா?"

"நேத்து வச்சது அடிச்சுது. பழசும் அடிச்சிருக்கும்."

தலையாட்டினார். கேட்டுக்கு அப்பால் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது, முடிகிற வழியாக இல்லை. ருமெனாவைப் பற்றி அவர் கேட்பார், மற்றவர்களைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மூன்று வால்வுகளையும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையிலிருந்து நகச்சாயப் பாட்டிலை எடுத்து என் மடியில் போட்டார்.

"திங்கக்கிழமை ப்ளாகோயே ஆம்ப் ரெண்டு வருது. கடை விட்டதும் வந்துடு. நீ கேளு, நான் செருகுறேன். அங்க போனாலும் அப்படித்தான். ருமெனாகிட்ட ஒண்ணும் சொல்லாதே, அவ பாவம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கட்டும்."

நேற்று ருமெனாவும் இதையே கேட்டாள், அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதே என்று. அவளிடமும் சரி என்றிருந்தேன்.

எனக்குக் கடல் கிடைத்திருந்தது. கடற்கரையில் பகலெல்லாம் படுத்திருக்கலாம், சாயங்காலம் வாசிக்கலாம், டயர் தொட்டியை மறந்துவிடலாம் என்று குளிர்காலம் முழுவதும் எண்ணியிருந்தேன். இனி பகலெல்லாம் ஹோட்டலின் பின்னறையில், மடியில் கிதாரோடு, அதே சுரக்கட்டு, அதே நாலு சுரம். பக்கத்து நாற்காலியில் கூம். சுவருக்கு அந்தப் பக்கம் கடல்.

"என்ன பேச்சைக் காணோம்?" என்றார்.

"ஒண்ணுமில்லை, கூமே. வர்றேன்."

ரயிலின் கடைசிப் பெட்டி போனது. கேட் தூக்குவதற்கான மணி கீச்சென்று அடித்தது. அவர் சாவியைத் தொடாமல் காத்திருந்தார். பின்னாலிருந்த வண்டிக்காரன் கத்தத் தொடங்கினான். நான் அவர் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினேன்.

"பாத்தியா," என்றார் இன்ஜினைக் கிளப்பிக்கொண்டே, "இப்பவே வேலைக்குச் சேந்துட்ட. அந்தப் புள்ளியை மட்டும் ஒழுங்கான இடத்துல வைக்கக் கத்துக்கோ."