சாப்பாட்டு மேசையில் பிதாகரஸ்

கறிக்கடைக்காரரின் ஒரே மகள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவனை விரும்பினாள். அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள்.

"எல்லாம் சரிப்பா. ஆனா அவர் சுத்த சைவம்."

தீட்டிய கை நின்றது. "முட்டை?"

"ம்ஹூம்."

"மீனாவது?"

"மீனும் உயிர்தானேப்பா."

அப்பாவுக்குச் சம்மதந்தான். கடையில் கூட நின்று வெட்டும் மைத்துனன்தான் சும்மா இருக்கவில்லை. "கறிக்கடைக்கு முருங்கைக்கா மாப்பிள்ளையா, மச்சான்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

தன் வீட்டுக்கு வரப்போகிறவனை ஒருத்தர் ஒரு சொல் சொல்வதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மதியம் கூட்டம் குறைந்ததும் செல்போனைத் துருவ ஆரம்பித்தார். மறுநாள் மைத்துனனைக் கூப்பிட்டார்.

"உன்னைக் கணக்குல கவுத்தாரே பிதாகரஸ், அவர் கறி தொடமாட்டாராம். ஐரோப்பாவுல ஒரு காலத்துல சைவச் சாப்பாட்டுக்கே பிதாகரஸ் சாப்பாடுன்னுதான் பேராம். டா வின்சி இருக்காரே, ஓவியர், அவர் சந்தையில கூண்டுப் பறவையை வாங்கிப் பறக்க விடுவாராம். மாப்பிள்ளை யார் கூட்டத்துல இருக்கார் பாத்தியா?"

மைத்துனன் கறி வெட்டத் திரும்பிக்கொண்டான்.

மாப்பிள்ளை விருந்துக்கு வந்த அன்று அவர் சமையலறையை விட்டு நகரவில்லை. "மொச்சை வேணாம். பிதாகரஸ் அதையும் தொடமாட்டாராம்."

"வர்றது அவரா?" என்றாள் மனைவி.

மேசையில் மாப்பிள்ளைக்குக் காய்கறி, மற்றவர்களுக்குக் கறி. அவர் படித்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். மாப்பிள்ளை நெளிந்தான்.

"மாமா, எனக்கு அவ்வளவு பெரிய காரணமெல்லாம் இல்ல. சின்ன வயசுலேருந்தே கறியை வாயில வச்சா குமட்டும். அவ்வளவுதான்." பிறகு பக்கத்துத் தட்டைப் பார்த்துச் சிரித்தான். "அத்தையும் நம்ம கட்சி போல."

"அவளா? அவ கடைசியிலதான் கறி போட்டுக்குவா" என்றார் அவர்.

மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் விட்டுப் பல வருஷமாச்சு."

மகள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அம்மா, நிஜமாவா?"

"ஏன் சொல்லல?" என்று கேட்டார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"நாள் பூரா நின்னுட்டே வெட்டறீங்க. அதுலதான் இந்தக் குடும்பமே நடக்குது. அது எனக்குப் பிடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நீங்களும் கேக்கல."

பிதாகரஸின் மொச்சை வரைக்கும் தெரிந்து வைத்திருந்தவருக்கு மனைவியின் தட்டு தெரிந்திருக்கவில்லை. எழுந்து, மாப்பிள்ளை பக்கம் இருந்த காய்கறிப் பாத்திரத்தை எடுத்து, மனைவியின் தட்டில் தன் கையாலேயே பரிமாறினார். போதும் போதும் என்று அவள் சொல்லியும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு, முதல் முறையாகக் காய்கறிச் சந்தைக்குப் போனார். தொட்டுப் பார்த்தே கறியின் பதம் சொல்லுகிறவர் அங்கே திருதிருவென்று முழித்தார். பை நிறைய வாங்கி வந்ததை மனைவி தரையில் கொட்டிப் பார்த்தாள். பாதி முற்றல். ஒரு கத்தரிக்காய்க்குள்ளிருந்து புழு எட்டிப் பார்த்தது.

"இது சைவமா அசைவமா?" என்று கேட்டாள்.

அவர் அசடு வழிந்தார்.

"அடுத்த தடவ நானும் வர்றேன்" என்றாள் அவள். அதற்குப் பிறகு சந்தைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் பொறுக்கினாள், அவர் பை பிடித்தார்.