ஜன்னல் கையும் அடுப்புக் கையும்

"அண்ணி, இவன் மூக்கைச் சொறியறானா, முகத்தை மறைக்கறானா?"

"மறைக்கறான்டி. சொறியறதுக்கு எதுக்கு இத்தனை பெரிய கையுறை?"

புத்தகம் தையல் மிஷின் மேல் சாய்ந்து நின்றது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்தது. எந்த நாட்டு எழுத்தோ, அந்த வீட்டில் யாருக்கும் ஓர் அட்சரம் தெரியாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படம். அரைக்கால் சட்டை போட்ட ஒரு மனிதன் குத்தினான், தடுத்தான், குனிந்தான், விலகினான். அவனுக்கு எதிரே நின்று மாவுக்காரி அதையே செய்தாள். பேக்கரியில் மாவு பிசைகிறவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அடி வாங்கியவள் அவளுடைய நாத்தனார், தையல்காரி.

இத்தனைக்கும் காரணம் ஒரு வீம்பு. பேக்கரியிலிருந்து திரும்பும் வழியில், மாடியில் இருந்த குத்துச்சண்டைக் கூடத்தின் சத்தம் தினமும் அவளைப் பிடித்து இழுத்தது. ஒருநாள் படியேறிப் போய்க் கேட்டே விட்டாள்.

"என்னையும் சேத்துக்குவீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வயசு?"

"இருபத்தெட்டு."

"அடுத்த வருஷம் வந்தா வயசு வரம்பே தாண்டிரும். இந்த வருஷம் புதுசா யாருக்கும் கத்துக் குடுக்கறதா இல்ல. வருஷக் கடைசியில தேர்வு வைப்பேன். எங்கிட்டப் பழகற பொண்ணுங்கள்ல ஒருத்தியை ஜெயிச்சா இடம்."

"கத்துக்காம எப்படி ஜெயிக்கறது?"

"அது உன் பாடு."

ஆளைத் தட்டிக் கழிக்கச் சொன்ன பேச்சு. அவள் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் வேறு கூடம் கிடையாது. இந்தத் தேர்வை விட்டால் பிறகு ஜன்மத்துக்கும் கிடையாது.

படத்தில் இருக்கிறவனுக்கு இடது எது, வலது எது என்று யோசிக்கப் போனால் தலை சுற்றியது. அதனால் இருவரும் ஒரு வழி செய்தார்கள். அந்த அறையில் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் அடுப்பு. அவன் ஜன்னல் பக்கத்துக் கையை நீட்டினால் இவளும் ஜன்னல் பக்கத்துக் கையை நீட்டினாள்.

"ஜன்னல், ஜன்னல், அடுப்பு! அடுப்புக் கையைத் தாழ்த்தாதீங்க அண்ணி, பால் பொங்கறதைப் பாக்கற மாதிரி மேலயே இருக்கட்டும்!"

"மெதுவாடி, மூச்சு வாங்குது."

"எனக்குத்தான் விலா வலிக்குது, உங்களுக்கு மூச்சு வாங்குதாக்கும்!"

மாவுக்காரியின் புருஷன் வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி, "ரெண்டு பேரும் சமாதானமாயிட்டீங்களா? நான் உள்ள வரலாமா?" என்று கேட்பான்.

தேர்வு நாள் வந்தது. எதிரே நின்றவள் நெட்டை. கூடத்தில் அவள் கை எட்டாத இடமில்லை. மணி அடிக்கக் கை தூக்கிய மாஸ்டர், மாவுக்காரி நின்ற நிலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீ இடக்கைக்காரியா?"

"இல்லீங்களே."

"அப்புறம் ஏன் வலது கால் முன்னால நிக்குது? வலது கை முன்னால நீண்டிருக்கு?"

"புத்தகத்துல அப்படித்தான் நிக்கறான் மாஸ்டர்."

"புத்தகமா? படத்துக்கு எதிர்ல நின்னு பாத்துச் செஞ்சியா?" அவருக்குப் புரிந்துவிட்டது. "அடக் கடவுளே! கண்ணாடியில பாக்கற மாதிரி எல்லாத்தையும் திருப்பிக் கத்துக்கிட்டு வந்திருக்கா!"

கூடமே கொல்லென்று சிரித்தது. நெட்டை கையுறைக்குள் வாயை மறைத்துக்கொண்டாள்.

"மாத்தி நில்லும்மா. இடது கால் முன்னால. அதான் முறை."

மாவுக்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மாற்றி நின்றாள். முதல் சுற்று முழுவதும் அவள் கால்கள் இரவல் வாங்கிய செருப்பைப் போல் அவளோடு ஒட்டவில்லை. நெட்டை வந்தாள், குத்தினாள், போனாள். வேலியில்லாத கம்பங்கொல்லையில் மாடு புகுந்த கதைதான்.

மூலையில் நாத்தனார் தண்ணீர்ப் புட்டியோடு காத்திருந்தாள்.

"யாரு உள்ள நின்னது? எனக்கு அடையாளமே தெரியல."

"தப்பாக் கத்துக்கிட்டோம்டி. அவர் சொன்னாரே."

"தப்போ சரியோ, உங்க உடம்புக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். இப்பப் போய்ப் புதுசு கத்துக்கப் போறீங்களா? என் விலா என்ன சும்மாவா வலிச்சுது?"

"அவர் கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும். ஜெயிச்சா இடம்னுதானே சொன்னாரு, எந்தக் கால்ல நின்னு ஜெயிக்கணும்னு சொன்னாரா?"

மணி அடித்தது. மாவுக்காரி நடுவே போய், வலது காலை முன்னால் வைத்தாள். "ஏம்மா, சொன்னேன்ல!" என்றார் மாஸ்டர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நெட்டை வழக்கம்போல இடது கையை நீட்டி வந்தாள். அவள் முன்கால் இவள் முன்காலில் இடறியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வருமென்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வந்தது, மூட்டை மூட்டையாக மாவு பிசைந்து உரமேறிய வலது கை, நேராக முகத்துக்கு.

"ஜன்னல்!" என்று நாத்தனார் கத்தினாள். மறுபடி விழுந்தது. "ஜன்னல்!"

நெட்டை அந்தக் கைக்கே அணை போடத் தொடங்கினாள்.

"அடுப்பு அண்ணி, அடுப்பு!"

"எங்கடி அடுப்பு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டு முடிப்பதற்குள் இடது கை நெட்டையின் வயிற்றில் இறங்கிவிட்டது. அவள் இரண்டடி பின்வாங்கிக் கயிற்றில் சாய்ந்தாள். சிரித்தவர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள்.

கடைசிச் சுற்றில் நெட்டையும் விடவில்லை. ஒன்று வாங்கினாள், ஒன்று கொடுத்தாள். மாவுக்காரியின் உதடு கிழிந்தது. ஆனால் நெட்டை எந்தப் பக்கம் விலகினாலும் அங்கே ஒரு கை காத்திருந்தது. மணி அடித்தபோது, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே மாவுக்காரி பக்கம் கை காட்டினார்கள். சண்டைக்கு நடுவராக நின்றவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். நாத்தனார் போட்ட சத்தத்தில் கீழே தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. நாளைக் காலையில ஆறு மணிக்கு வந்துரு."

"காலையில மாவு பிசையணும் மாஸ்டர். சாயங்காலம் வர்றேன்."

"இங்க நேரம் நான் வைக்கறதும்மா!"

நெட்டை மூக்கைத் துடைத்தபடி குறுக்கே வந்தாள். "அப்ப நானும் சாயங்காலமே வர்றேன் மாஸ்டர். இந்த அக்கா கையைப் பழகாம வேற யார் கையைப் பழகறது?"

"எனக்கும் சாயங்காலம்தான் சௌகரியம்" என்றாள் இன்னொருத்தி. "எனக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாஸ்டர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "சாயங்காலமே வாங்கடி எல்லாரும். என்னை ஏன் பாக்கறீங்க?"

நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் முன்னால் இறங்கினாள்.

"வழி விடுங்க, வழி விடுங்க!"

படியில் ஓர் ஈ காக்கைகூட இல்லை. மாவுக்காரி கிழிந்த உதட்டோடு சிரித்துக்கொண்டே, அவள் விலக்கிக் கொடுத்த வழியில் நிமிர்ந்து இறங்கினாள்.