விட்டுவிடலாம் என்ற இடங்கள்

சித்தூர்க் கல்லூரியில் காலை வகுப்புக்காகப் பலகையில் ஓர் உதாரணம் எழுதும்போதுதான் சிவசங்கரிக்குத் தன் பிழை தெரிந்தது. ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என வர்க்க எண் இடங்களில் மட்டும் ஒன்று. மற்ற இடமெல்லாம் பூஜ்யம். போகப் போக வர்க்க எண்கள் அரிதாகிவிடும், அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், ஆகவே தொடர்முறை பூஜ்யத்தை நெருங்கிச் சேர்கிறது, அதாவது ஒருங்குகிறது. புள்ளியியல் ஒருங்குதல் என்பார்கள். டோபாலஜியில் அவள் ஆராய்ச்சியே இதுதான். ஆனால் அந்த விட்ட இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால்? அத்தனையும் ஒன்று. பூஜ்யத்தின் பக்கமே போகாது. எதைப் பொறுக்கினாலும் அதே எல்லைக்குத்தான் போகும் என்று ஒரு கட்டுரையின் துணைத்தேற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாள். சாதாரண ஒருங்குதலின் பழக்கதோஷம்.

போன வருஷம் வாங்கிய டாக்டர் பட்டமும் இந்த வேலையும் அதன்மேல்தான் நிற்கின்றன. கூடப் படித்த சம்பத்தின் ஆய்வேடும் அதன்மேல்தான். அந்தக் கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். இன்று மதியம் திருப்பதியில் அவனுக்கு வாய்மொழித் தேர்வு.

லீவு சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்தாள். அரங்க வாசலில் அவனைத் தனியே இழுத்துச் சொன்னாள்.

"தெரியும்," என்றான் சம்பத். "ரொம்ப நாளாவே தெரியும்."

"தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியா?"

"சொன்னா உன் வேலை போயிடும். நீ வாயத் தொறக்காத."

"எனக்காகப் பொய் சொல்லுன்னு யாரு உன்னக் கேட்டா?" கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

சம்பத் நன்றாகவே பேசினான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. முடிந்ததும் வேலூரிலிருந்து வந்த தேர்வாளர், "சபையில யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். இந்த நேரத்தில் நண்பர்கள் யாராவது எழுந்து, முன்பே பேசிவைத்த சுலபமான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு உட்காருவது வழக்கம். சிவசங்கரி எழுந்தாள்.

"சார், வர்க்க எண் இடங்களை மட்டும் எடுத்தா?"

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். முகம் மாறியது. "இந்தத் துணைத்தேற்றம் யாரோடது?"

"என்னோடது சார்," என்றான் சம்பத், அவளைப் பார்க்காமலே.

பேசாமல் உட்கார்ந்தால் போதும், அவள் தப்பித்துவிடுவாள். உட்காரவில்லை.

"இல்ல சார், என்னோடது. அவன் பொய் சொல்றான்."