அம்மாவுக்கு ஒரு கரண்டி அரிசி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து ஒரு மாத இதழின் உதவி ஆசிரியை போன் செய்து, நடக்கத் தொடங்கிய குழந்தைகளோடு வீட்டிலேயே விளையாடப் பத்து விளையாட்டுகள் எழுதித் தரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தேவையான பொருட்கள், செய்முறை, பயன் என்று மூன்று தலைப்புகள் போதுமாம், சமையல் குறிப்பு மாதிரி. எனக்குக் குழந்தை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "கொலைக் கதை எழுதறவங்க எல்லாம் கொலை பண்ணிட்டா மேடம் எழுதறாங்க" என்றார். ஒப்புக்கொண்டேன்.

தவிர, எனக்கு ஒரு வசதி இருந்தது. கேரளாவில், சங்கனாச்சேரியில், நான் குடியிருப்பது மாடியில். கீழ் வீட்டில் ஜோபியும் அவன் மகள் தும்பியும் இருக்கிறார்கள். தும்பிக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. மாமோதீசா என்கிற ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் அம்மா ரின்ஸி குவைத்தில் நர்ஸ். மகளுக்குப் பல் முளைக்கும் முன்பே விமானம் ஏறியவள். ஜோபி டைல்ஸ் கடை வேலையை விட்டுவிட்டுக் குழந்தையை வளர்க்கிறான். எங்கள் தெருவில் இதெல்லாம் ஒரு சேதியே இல்லை, எதிர்வீட்டிலும் இதே கதைதான்.

பத்து விளையாட்டுக்கும் படியிறங்கினால் போதும் என்று நினைத்தேன்.

2

எழுதிப் பார்த்து விட்ட தொடக்கங்கள்:

'குழந்தை என்பது ஒரு மலர், அதை—'

வேண்டாம். தும்பி மலர் இல்லை. அவள் கடித்த தழும்பு என் முழங்கையில் இன்னும் ஆறவில்லை.

'விலை உயர்ந்த பொம்மைகள் எதுவும் தேவையில்லை, நம் சமையலறையே—'

இது நல்ல வாக்கியம். ஆனால் இதை எழுதிக்கொண்டிருந்த மதியம்தான் ரின்ஸி ஒரு மாத லீவில் வந்து இறங்கினாள், ஒரு பெட்டி நிறைய விலை உயர்ந்த பொம்மைகளோடு. எட்டிப் பார்க்க நானும் கீழே போனேன்.

'வாசலில் கார் நின்றதும் தும்பி ஓடி வந்து—'

ஓடி வரவில்லை. ஜோபியின் கைலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள். கட்டுரை அந்த இடத்தில் நின்றுபோனது.

3

ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலை. ஜோபியின் விளையாட்டுகளைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாம்.

துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு வாளியின் விளிம்பில் மாட்டிக் கழற்றுவது. தொட்டியிலிருந்து அகப்பையால் நீர் மொண்டு இன்னொரு பாத்திரத்தில் விடுவது. (பாதி தரையில் போகும். போகட்டும் என்பான்.) கோதுமை மாவைப் பிசைந்து இடியாப்ப அச்சில் போட்டு, அப்பாவும் மகளும் சேர்ந்து பிழிவது. பழைய பேப்பரைக் கிழிப்பது. சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, எந்த மூடி எதற்குச் சேரும் என்று பார்ப்பது. கடைசி விளையாட்டு காது கேட்காதவர்களுக்கு உகந்தது.

எல்லாவற்றிலும் தும்பிக்குப் பிடித்தது அரிசி. தாம்பாளத்தில் சிவப்பு மட்டை அரிசியைக் கொட்டி, இரண்டு கிண்ணமும் ஒரு கரண்டியும் கொடுத்துவிட்டால் அவள் உலகம் அதற்குள் அடங்கிவிடும். (அடிக்குறிப்பாக ஒன்று: பட்டாணி, கொண்டைக்கடலை கூடாது. மூக்குக்குள் போட்டுக்கொள்வார்கள். அரிசியானாலும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதை அந்த உதவி ஆசிரியை தடித்த எழுத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.)

அரிசி விளையாட்டில் மூன்றாவது ஆள் உண்டு. தாம்பாளத்துக்கு அந்தப் பக்கம், அரிசி டின்னில் சாய்த்து வைத்த போன். தினமும் அந்த வேளையில் ரின்ஸி குவைத் ஹாஸ்டலில் ஒரு கிண்ணம் அரிசியோடு கட்டிலில் உட்காருவாள். "அம்மாக்கு ஒரு கரண்டி" என்பாள். தும்பி ஒரு கரண்டி அள்ளிப் போனின் முன்னால் கொட்டுவாள். அங்கே ரின்ஸி தன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சாப்பிடுவது போல வாயை அசைப்பாள். கடல் கடந்து போகும் சாப்பாட்டைப் பார்த்துத் தும்பி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இதை நான் பலமுறை பார்த்து ரசித்திருக்கிறேன். 'அம்மா எங்கே?' என்று ஜோபி கேட்பதும், அவள் போனைக் காட்டுவதும், அவன் கைதட்டுவதும் கூடத்தான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

4

இப்போது கதை. கட்டுரை வேண்டியவர்கள் மூன்றாம் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரின்ஸிக்கு வேலை குழந்தைகள் வார்டில். கையுறையை ஊதி, முடிச்சுப் போட்டு, கண்ணும் மூக்கும் வரைந்தால் போதுமாம், எந்த நாட்டுக் குழந்தையும் ஊசிக்குக் கையை நீட்டிவிடும். வந்த மறுநாள் தன் மகளுக்கும் ஒன்று ஊதிக் கொடுத்தாள். தும்பி வீடே அதிர அழுதாள். பெட்டியில் வந்த காந்தக் கட்டைகளும் நிற மணலும் அலமாரிக்குப் போயின. பெட்டி மட்டும் தும்பிக்குப் பஸ்ஸாகப் பயன்பட்டது. அம்மா தள்ள வந்தால் பஸ் நின்றுவிடும், பயணி இறங்கிப் போய்விடுவாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். ஜெபம் முடிந்தது. முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர் ஒவ்வொருவரிடமும் போய் ஸ்துதி சொல்லி முத்தம் கொடுப்பது இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். தும்பி எழுந்தாள். ஜோபியிடம் போய் "துதி" என்று சொல்லிக் கன்னத்தில் கொடுத்தாள். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கும், மூக்குச்சளியோடு சேர்த்து, ஒன்று கிடைத்தது. அடுத்தது ரின்ஸி. அவள் இன்னும் முழங்காலில்தான் இருந்தாள், கைகள் லேசாக முன்னால் நீண்டிருந்தன.

தும்பி அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். அரிசி டின்னில் சாய்ந்து அணைந்து கிடந்த போனின் முன் குனிந்து, கறுப்புக் கண்ணாடியில் உதட்டை வைத்து அழுத்தினாள்.

"அம்மா, துதி."

ரின்ஸி சிரித்தாள். "எனக்குக் குடுத்ததுதானே அது" என்று சொல்லிவிட்டு, கஞ்சியைச் சூடு பண்ணுவதாகச் சமையலறைக்குப் போனாள். ஜோபி தன் சட்டை நுனியால் போன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் ஜோபியைக் கொஞ்சம் கெட்டவனாக எழுதியிருந்தேன். குழந்தைக்குத் தான் ஒருவன் மட்டும் வேண்டும் என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு திருப்தி, அதனால்தான் அவன் ஒன்றும் செய்யவில்லை என்று. கதைக்கு அது நன்றாகவே பொருந்தியது. கதைக்குப் பொருந்துகிறது என்பதற்காக மாடிவீட்டுக்காரி ஒரு மனிதன் தலையில் எதையும் கட்டலாமா என்று தோன்றவே, அவன் பாத்திரம் தேய்க்கும்போது போய் நேராகவே கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. தேய்த்த குக்கரைக் கவிழ்த்து வைத்தான்.

"கொஞ்சம் இருந்துச்சு சேச்சி. எழுதிக்கோங்க. ஆனா அந்த முத்தத்தைப் பார்த்ததுக்கப்பறம் இல்ல. அதையும் எழுதணும்."

எழுதிவிட்டேன்.

லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. அடுத்த லீவு எப்போது என்று ரின்ஸிக்கே தெரியாது. மகளைத் தொட்டுத் தூக்கக்கூட அவள் இப்போது முயல்வதில்லை, தும்பி தூங்கியபின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள் என்று ஜோபி சொன்னான். போவதற்குள் ஒரு தடவை, விழித்திருக்கும்போது, தானாகத் தன்னிடம் வந்தால் போதும் என்கிறாளாம்.

யோசனை அவனுடையதுதான். மறுநாள் நான் கீழே போனபோது அதைப் பற்றித்தான் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் புள்ளைக்கு நான் பக்கத்து ரூம்லேர்ந்து போன் பண்ணணுமா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க ஜோபிச்சா."

"சிரிக்கறவங்க வீட்டுலயும் அம்மான்னா போன்தான்டீ."

ரின்ஸி என்னைப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல வேறு பக்கம் திரும்பினேன்.

"இதையும் எழுதுவீங்களா சேச்சி?"

பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"பேரை மாத்த வேணாம். முடிவு கெட்டதா இருந்தா அதை மாத்திடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுதுகிற ஒருத்தி கொடுக்கக் கூடாத வாக்கு அது. அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

6

ரின்ஸி குவைத்திலிருந்து பேசும்போது போடுவது போலவே கொண்டையை உயர்த்திக் கட்டிக்கொண்டாள். ஒரு கிண்ணம் அரிசியோடு படுக்கையறைக்குள் போனாள். அந்த அறைக்குக் கதவு சரியாகச் சாத்தாது, நீலப்பூப் போட்ட திரைதான் தொங்கும். ஜோபி கூடத்தில் பாய் விரித்துத் தாம்பாளத்தை வைத்தான். போன் அடித்தது.

"அம்மா" என்று ஓடிவந்து உட்கார்ந்தாள் தும்பி. இத்தனை நாள் வீட்டில் ஒரு புது ஆள் இருந்ததால் அம்மா கூப்பிடவில்லை போலிருக்கிறது, இப்போதுதான் வழி கிடைத்தது என்பது மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

முதல் கரண்டி வழக்கம் போலப் போனின் முன் விழுந்தது. உள்ளே ரின்ஸி மென்றாள், போனிலும் மென்றாள். தும்பி சிரித்தாள்.

"அம்மாக்கு இன்னொரு கரண்டி."

குவைத்திலிருந்து வரும்போது இப்படி ஆனதில்லை. அந்தக் குரல் இரண்டு தடவை கேட்டது. முதலில் திரைக்குப் பின்னாலிருந்து, ஒரு நொடி பிந்திப் போனிலிருந்து. தும்பியின் கை அந்தரத்தில் நின்றது. போனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். ஜோபியைப் பார்த்தாள். அவன் மூச்சுக்கூட விடாமல் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் குரல். முதலில் அங்கே, பிறகு இங்கே.

தும்பி எழுந்தாள். கரண்டி நிறைய அரிசி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள், அப்படியும் வழியெல்லாம் சிந்தியது. திரைக்கு முன்னால் நின்றாள். திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் ரின்ஸியின் கால்விரல்கள் தெரிந்தன, ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு.

தும்பி திரும்பிப் போனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். போனில் இருந்த அம்மா முதல் முறையாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முகத்தைத் திருப்பி அறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

எழுதிப் பார்த்த முடிவுகள்:

'திரை விலகியது. தும்பி ஒரு கணம் திகைத்து, பிறகு "அம்மா" என்று—'

'தும்பியின் உதடு பிதுங்கியது. கரண்டியைப் போட்டுவிட்டு ஜோபியிடம் ஓடி—'

'திரும்பி வந்து, கரண்டியில் மிஞ்சியதைப் போனுக்கே கொட்டிவிட்டு, எதுவும் நடக்காதது போல—'

மூன்றில் ஒன்று நடந்தது. நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன், எது என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன். நல்லதைச் சொன்னால், ரின்ஸி கேட்டுக்கொண்டதற்காக மாற்றி எழுதிவிட்டேன் என்பீர்கள். உண்மையாகவே நடந்திருந்தாலும் நம்பமாட்டீர்கள். கெட்டதைச் சொன்னால் என் வாக்கு போகும். இதழைக் குவைத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, வார்டில் ஒரு தூத்துக்குடிப் பெண் இருக்கிறாளாம், அவளை வைத்துப் படித்துக்கொள்வாளாம்.

ஆகவே உதவி ஆசிரியை கேட்ட வடிவத்திலேயே முடிக்கிறேன். அவர் கேட்ட பத்தில் சேராத ஒன்று இது.

தேவையான பொருட்கள்: ஒரு கிண்ணம் அரிசி, ஒரு கரண்டி, ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு அம்மா.

செய்முறை: அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். தானாகத் திரையை விலக்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது. குழந்தைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரமும் கொடுக்க வேண்டும்.

பயன்:

இதை நீங்கள் நிரப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம். ரின்ஸி இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.