தகர டப்பாவில் எரிந்த அப்பம்

தங்கை வீட்டுக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது, அவர் பன்றிக்கறியை விட்ட அன்றே. தட்டில் வைத்ததைத் தள்ளிவிட்டு, “வேணாம்க்கா, நம்ம ஆண்டவரும் இதச் சாப்பிட்டிருக்க மாட்டாரு” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரி.

எங்கள் தேவாலயத்தைப் பெருக்கி மணியடிப்பவர் அவர். ஆலயத்தின் பின்னறையில்தான் குடித்தனம். வேலை போனால் அறையும் போகும். அப்படிப்பட்டவருக்கு இதெல்லாம் தேவையா? சனிக்கிழமை ஓய்வுநாளென்று துடைப்பத்தைத் தொடுவதில்லை, அந்த வேலையையும் வெள்ளியன்றே முடித்துவிடுகிறார். ஒரு புத்தகத்தை வலமிருந்து இடமாக விரல் வைத்துப் படிக்கிறார், நான் போனால் மூடிவிடுகிறார். கேட்டால், “எபிரேயுக்கா, யூதருங்க பாஷை. நம்ம விசுவாசத்தோட வேர் அங்கதான் இருக்கு” என்கிறார். வேரைத் தோண்டினால் மரம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

ஆராதனையில் எல்லோருக்கும் பிட்டுக் கொடுக்கும் திருவிருந்து அப்பத்தை, ஈஸ்ட் போட்ட ரொட்டியை, சுடுவது இருபது வருடமாக நான்தான். புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் ஆராதனைக்குப் புதன் மாலையே சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி, போதகர் அங்கி மாட்டும் அறையின் அலமாரியில் வைத்தேன். வியாழன் காலை பால் வாங்கிய கையோடு எட்டிப் பார்த்தால் அலமாரி காலி.

பின்பக்கம் புகை வாடை அடித்தது. போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு தகர டப்பாவில் ரொட்டித் துண்டுகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். வாய் என்னவோ முணுமுணுத்தது. தங்கை பக்கத்தில் பயபக்தியோடு நின்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். கமிட்டித் தலைவரும் அங்கே இருந்தார்.

“திருவிருந்து அப்பத்த எரிக்கிறாருங்க. என் கண்ணால பாத்தேன்.”

தலைவருக்கு அந்தச் சனிக்கிழமை விவகாரம் ஏற்கெனவே பிடிக்காது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? “சாயங்காலத்துக்குள்ள சாவியக் குடுத்துட்டு அறையக் காலி பண்ணட்டும்” என்றார்.

“கூப்பிட்டு ஒரு வார்த்தை கேப்போமே” என்று போதகர் இழுத்தார்.

“கேட்டா எபிரேயுல பதில் சொல்லுவாரு” என்றேன் நான்.

மத்தியானம் தங்கை அழுத முகத்தோடு வந்தாள். “அக்கா, அவரு எரிச்சது எங்க வீட்டு ரொட்டி. யூதருங்க பஸ்கா பண்டிகைக்கு முன்னாடி வீட்ல புளிப்பே இருக்கக் கூடாதாம். உன் அப்பத்த அவரு காலையிலயே உன் வீட்டுக்கு...”

“என் வீட்டுப் பக்கம் தலைவச்சும் படுக்க வேணாம்னு சொல்லு.” கதவைச் சாத்தினேன்.

மணி நாலரை. ஆறுக்கு ஆராதனை. அப்பம் இல்லாமல் எப்படி? ஓவனைப் பற்றவைத்தேன். ஈஸ்டை விரலால் வெந்நீரில் கரைத்து, அது நுரைக்கும்வரை பொறுத்து, மாவு டப்பாவைத் திறந்தேன். மூடிக்கு அடியில் ஒரு தாள். மாப்பிள்ளையின் கோணல் எழுத்து. என் வீட்டு மாற்றுச் சாவி தங்கையிடம் உண்டு.

“அக்கா, ஆலய அலமாரியில எறும்பு. எங்க வீட்ல இந்த வாரம் புளிச்சத வைக்க முடியாது. அப்பத்த உங்க ஓவன்ல வச்சிருக்கேன். பத்தவைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.”

படித்து முடிப்பதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது.

குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது, தாளையும் சேர்த்து. அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். கருகிய துணியோடு அப்பத்தைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினேன்.

கமிட்டி மேஜையில் சாவிக்கொத்து கிடந்தது. பக்கத்தில் தட்டை வைத்தேன். “அப்பத்த எரிச்சவ நான்தாங்க. அவரு இல்ல.” மாப்பிள்ளை எழுதிய தாளையும் நீட்டினேன்.

தலைவர் தட்டையே பார்த்தார். போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். “இனிமே மாவு புளிக்க நேரம் இல்லையே” என்றார். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் எகிப்தைவிட்டு அவசரமாகப் புறப்பட்ட யூதர்களைப் பற்றி வருடாவருடம் பிரசங்கம் செய்பவர் அவர். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீங்களே போய்க் குடுங்க. அவருக்குப் புளிப்பில்லாம சுடத் தெரியும்.”

பின்னறையில் பாதி மூட்டை கட்டியிருந்தது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

“தப்பு பண்ணிட்டேன், மாப்பிள்ளை. இந்தாங்க சாவி. இன்னைக்கு அப்பத்துக்கு உங்க மாவுதான் வேணும். எனக்கும் சொல்லிக் குடுங்க.”

அவர் சாவியை வாங்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார்.

“முதல்ல கையக் கழுவிட்டு உள்ள வாங்கக்கா. புளிப்பு ஒட்டியிருக்கு.”

வாசல் குழாயில் நகக்கண்வரை தேய்த்துக் கழுவினேன்.